பஸ் டிரைவருக்கு ஏது பஸ்?

என் அப்பா பஸ் டிரைவர். ஆனால், வேலைக்குப் போவது மட்டும் மொபெட்டில்! இலவச பாஸ் சட்டைப் பாக்கெட்டில் சும்மா தூங்கும். 'ஓட்டல் முதலாளி எதிர் ஓட்டல்ல டிபன் சாப்பிடற மாதிரி இருக்கேடா' என்று நண்பர்கள் கிண்டலடிப்பார்கள். ஒருநாள் அப்பாவிடமே கேட்டு விட்டேன்.

''நான் போய் எடுத்தாத்தாண்டா முதல் பஸ்ஸு. அதுக்கு முன்னாடி எனக்கு எவன் பஸ் விடுவான்?'' என்றார்.

நியாயம்தான். வீடு போரூரில், டிப்போ வடபழனியில். பாரிமுனைக்கு அவர் டிரிப் விடியற்காலை 4.20-க்கு. அரை மணி முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டு, டயர், பிரேக், லைட் எல்லாம் பார்க்க வேண்டும். ராத்திரி டியூட்டி இன்னும் விசேஷம். கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டு இறங்குகிறவரை வீட்டில் கொண்டு விட பஸ் ஏது? கடைசி பஸ்தான் உள்ளே நிற்கிறதே!

1998-ல் ஒரு நாள். முந்தின மாலை 'சும்மா ஒரு ரவுண்டு' என்று மொபெட்டை வாங்கிக்கொண்டு, நண்பனோடு மெரீனா வரை போய் வந்திருந்தேன். விடியற்காலை மூணேகாலுக்கு வாசலில் பெடல் சத்தம். அப்பா மிதிக்கிறார், மிதிக்கிறார்... வண்டி இருமக்கூட இல்லை. டேங்க் காலி! அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டிப் பெட்ரோல் கேட்டோம். கிடைக்கவில்லை.

என் சைக்கிளில் அவரை டபுள்ஸ் ஏற்றி ஆற்காடு சாலையில் மிதித்தேன். விருகம்பாக்கத்தில் செயின் வேறு கழன்றது. டிப்போ போய்ச் சேரும்போது நாலரை. அன்றைக்கென்று ஸ்பேர் டிரைவரும் இல்லை.

பூக்கடைக்குப் போகும் பெண்கள் காலிக் கூடையோடு காத்திருந்தார்கள். ஒரு பாட்டி பிடித்துக்கொண்டாள்: ''உனக்கின்னாப்பா, வூட்ல வண்டி வெச்சிருக்கே! எங்களுக்கு இந்த பஸ்ஸை வுட்டா ஏது நாதி? லேட்டா போனா நல்ல பூவெல்லாம் பூடும். வாடினதைத்தான் அள்ளிக்கினு வரணும்.''

அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ''தப்புதாம்மா, ஏறுங்க'' என்றபடி ஸீட்டில் போய் உட்கார்ந்தார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

இன்று நான் ஆபீஸ் போவது மெட்ரோவில். காலை 5 மணிக்கு முதல் ரயில். அதை ஓட்டுகிறவர் மட்டும் ரயிலிலா வந்திருப்பார்? யார் வீட்டு வாசலிலோ, இருட்டில் ஒரு டூ-வீலர் கிளம்பியிருக்கும்.

வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டானால் பக்கத்திலிருப்பவர் வாட்சைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். நான் கொட்டுவதில்லை சார். எந்தப் பையன் டேங்கைக் காலி பண்ணினானோ!