திருமலையில் கடைசி மூன்று நாட்கள்

ஒரு கிழமையில் அலுவலை முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடனேயே நாம் சென்ற ஆவணி மாதத்தில் திருகோணமலைக்குப் பிரயாணமானோம். அங்கே தங்க நேர்ந்ததோ ஐந்து கிழமைகள். எமது சின்னம்மா கனடாவிலுள்ள மகளிடம் போய்ச் சேரவிருக்கிறார். அதற்கு முன் வீட்டை விற்க வேண்டியிருந்தது. பழைய காணி உறுதியில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்த அவருடைய பெயர், ஒரு கிழமை வேலையை ஐந்து கிழமையாக்கிற்று. நொத்தாரிசுவிடமும் கந்தோரிலுமாக நாம் நடந்த நடையை ஒரே திசையில் நடந்திருந்தால் கால்நடையாகவே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திருப்போம்.

வியாழக்கிழமை கையொப்பம் ஆயிற்று. திங்கட்கிழமை காலை எமக்கு பஸ். இடையில் இருந்தவை மூன்று நாட்கள். அன்றிரவு விறாந்தையில் படுத்திருந்தபோதுதான் ஓர் உண்மை உறைத்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வந்துபோகும் இவ்வூரை நாம் இன்னும் பார்க்கவே இல்லை!

காரணம் இல்லாமலில்லை. 1990களின் பிற்பகுதியில் தரைப்பாதை மூடப்பட்டிருந்தபோது, யாழ்ப்பாணத்தவர் தெற்கே போவதாயின் கப்பலேறித் திருகோணமலையில் வந்து இறங்க வேண்டும். ஊர் திரும்பவும் அங்கேயே கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். பேராதனையில் படித்துக்கொண்டிருந்த நாமும் அவ்வாறு காத்திருந்தவர்களுள் ஒருவர். இன்று என்பார்கள், கடல் சரியில்லை, நாளை என்பார்கள். உற்றார், உற்றாருக்கு உற்றார், பெயர்கூடத் தெரியாத பிள்ளைத்தாய்ச்சி என்று எல்லாரும் சின்னம்மாவின் வீட்டிலேயே கிடந்தார்கள். ஒருநாள் இரவு பதினேழு பேர் பாய் விரித்ததை நாமே எண்ணியிருக்கிறோம். சித்தப்பாவோ தம் கட்டிலைக் கிழவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுக் கிணற்றடியில் சாக்குக் கட்டிலில் படுத்தார். கப்பல் வந்துவிட்டதாம் என்ற சொல்லைத் தவிர வேறெதற்கும் காது கொடாத அந்நாட்களில் ஊர் பார்க்கப் போவார் யார்? போன நேரத்திற் கப்பல் போய்விட்டால்?

வெள்ளிக்கிழமை காலை சின்னம்மாவும் நாமும் கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டோம். பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்ததும் மான்கள் வழிமறித்தன. அவை கோட்டையின் பழங்குடிகள். வாழைப்பழத் தோலுக்காக மனிதரைச் சற்றும் அஞ்சாமல் நெருங்குகின்றன. 1622ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர் என்பதை ஆண்டுதோறும் மாணவருக்குக் கற்பிப்பவர் நாம். பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல் இக்கோட்டை வாயிலில் உண்டு என்பதையும் கற்பிக்கிறோம். எங்கே ஐயா, வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஒரு பையன் கேட்டிருந்தால் விழித்திருப்போம். அன்று அக்கல்லின் முன் நின்றபோது எமக்கு உண்மையிலேயே வெட்கமாயிருந்தது.

நிலத்துள் மறைந்திருந்த விக்கிரகங்கள் 1950இல் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்டன. புதிய ஆலயத்திற்கு 1963இல் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. ஏழு வயதுச் சிறுவனாகிய சித்தப்பா தகப்பனாரின் தோளிலிருந்து அதைக் கண்டவராம். சின்னம்மா அதைச் சொன்னபோது கோபுரத்தைப் பார்க்கவில்லை, கூட்டம் நின்றிருக்கக்கூடிய வெளியையே பார்த்தார். இராவணன் வெட்டின் ஓரத்தில் நின்று கீழே நோக்கினோம். திமிங்கிலம், திமிங்கிலம் என்று யாரோ கூவ, நின்றவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாக ஓடினார்கள். நாம் கண்டது நுரை மட்டுமே. ஆயினும் ஊரிற் கேட்பவருக்குத் திமிங்கிலம் என்றே சொல்ல உத்தேசம்.

சனிக்கிழமை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவோம் என்றோம்.

"உது பார்க்கிற இடமில்லைத் தம்பி" என்றார் சின்னம்மா. சற்றுப் பொறுத்து, "சரி, வாறன்" என்றார்.

சித்தப்பாவின் அந்தியேட்டி அங்கேதான் நடந்தது. கொழும்பிற் பரீட்சைக் கடமையில் இருந்த நாம் அதற்கு வரவில்லை. கன்னியாவில் உள்ளவை ஏழு சிறு கிணறுகள். ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தும் ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம். நிலத்தின் ஆழத்தே சூடேறிய நீர் பாறை வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது. தாயின் கருமத்துக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஊர்க்கதை. உல்லாசப் பிரயாணிகள் கைகளை நனைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா வாளியை வாங்கி, முதற் கிணற்றிலிருந்து ஏழாவது வரை ஒவ்வொன்றிலும் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். நான்காவது கிணற்றடியில் எம்மையும் அழைத்து, "நீ அண்டைக்கு வரேல்லை, இப்ப ஊத்து" என்றார். ஊற்றினோம். திரும்பும் வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. ஓட்டோக்காரப் பையன் மட்டும் பேசிக்கொண்டே வந்தான்.

மாலையில் நிலாவெளிக்குப் போகும் வழியில் யுத்த மயானத்தில் இறங்கினோம். இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்தவர்களின் கல்லறைகள் வரிசை குலையாமல், புல் மட்டமாக வெட்டப்பட்டு இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மேல் குண்டு பொழிந்தன. கற்களிற் கண்ட வயதுகள் பெரும்பாலும் எம் மாணவரின் வயதுகளே. நிலாவெளிக் கடற்கரையின் அழகைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் நாம் எழுதவில்லை. புறாத்தீவுக்குப் படகேறச் சின்னம்மா மறுத்துவிட்டார். 2004 மார்கழிக்குப் பின் அவர் எந்தப் படகிலும் ஏறியதில்லை.

ஞாயிறு காலை ஒரு நண்பருக்காக ஒரு கல்லறையைத் தேடிப்போனோம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியாராகிய கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852இற் பர்மாவிற் காலமாகித் திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டவர். படம் பிடித்து அனுப்பினோம். நண்பர் மகிழ்ந்தார், அவ்வளவே.

அதனினும் எமக்குப் பெரிதாகத் தோன்றியது கிண்ணியாப் பாலம். 2009இல் திறக்கப்பட்டது, நீளம் 396 மீற்றர். ஓட்டோவில் ஒரு நிமிஷத்திற் கடந்துவிட்டோம். கிண்ணியாப் பக்கப் பாடசாலையொன்றிற் படிப்பித்த சின்னம்மா, பாலம் வருமுன் காலைதோறும் இங்கே பாதைக்குக் காத்திருந்தவர். பாதை மறுகரையில் நின்றால் அரைமணி, பழுதானால் பாதி நாள். மழையில் நனைந்த கொப்பிகளை வகுப்பில் விரித்துக் காயவைத்திருக்கிறார். "என்ர சீவியம் கப்பலுக்கும் பாதைக்கும் காத்திருந்ததிலை போச்சு" என்று சிரித்தார். திரும்பியும் அப்பாலத்தைக் கடக்க வேண்டுமென்று அவர் விரும்பியதால், ஓட்டோக்காரனுக்கு இருநூறு ரூபாய் மேலதிகமாயிற்று.

அந்தியில் வீட்டுக்கு அருகான கடற்கரையில் இருந்தோம். வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. சின்னம்மா கைப்பையிலிருந்து ஒரு பழைய சீ.ஆர். கொப்பியை எடுத்தார். அக்காலத்தில் வீட்டில் தங்குவோரைப் பொலிசிற் பதிய வேண்டும் அல்லவா? அதற்காகத் தாமே எழுதிவைத்த கொப்பி. பெயர், ஊர், வந்த திகதி, கப்பலேறிய திகதி எல்லாம் அவருடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தன.

"பெட்டியிலை இதுக்கு இடமில்லை. நீ கொண்டு போ. போன சனம் எல்லாம் சுகமாய்ப் போய்ச் சேர்ந்ததோ எண்டு எனக்குத் தெரியாது. சிலபேர் ஒரு கடிதமும் போடேல்லை. இருக்கினமோ எண்டு விசாரிச்சுச் சொல்லு."

மறுநாள் பஸ்ஸில் அக்கொப்பியை விரித்தோம். வவுனியா வருமட்டும் எண்ணியதில் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். எமது பெயர் பதினொரு தடவை வருகிறது. நாம் அறிந்தவர்கள் நாற்பதுக்கும் குறைவு. அவர்களுள் ஐவர் காலமாகிவிட்டனர் என்பதும் எமக்குத் தெரியும், சின்னம்மாவுக்குத் தெரியாது. மூன்றாம் பக்கத்தில் உள்ள பருத்தித்துறைக்காரர் இப்பொழுது எமது வீதியிலேயே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் இத்தனை நாளும் சீனியும் பருப்பும் வாங்கியிருக்கிறோம். இதை எழுதும் இன்று மாலை கொப்பியுடன் அவரிடம் போகவிருக்கிறோம்.