யார் செய்த பாவம் என்று கேட்காதீர்கள்



இன்று என் குற்றமொன்றை அறிக்கையிட்டுத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கெவெலார் அன்னையின் திருத்தலத்தில் நம் தமிழ்த் திருப்பலி முடிந்தபின் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். "சுவாமி, இவர் முந்தின ஆள் இல்லை. சின்ன விசயத்துக்கும் எரிஞ்சு விழுறார். பிறகு நாள்கணக்காய்க் கதைக்கிறதில்லை. நடையும் தள்ளாடுது. சனம் குடிகாரன் எண்டு சொல்லுது, அவர் குடியைத் தொட்டதே இல்லை" என்றார். பொறுமையைப் பற்றியும் குடும்பச் செபத்தைப் பற்றியும் அறிவுரை கூறி அவரை அனுப்பினேன். மருத்துவரைப் பாருங்கள் என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. ஈராண்டுகளுக்குப் பின்னரே அது ஹன்டிங்டன் நோய் என்று தெரிந்தது. அக்குடும்பத்தின் இசைவோடும் அடையாளங்களை மறைத்தும் இதை எழுதுகிறேன்.

1872-இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்னும் 22 வயது அமெரிக்க மருத்துவர் இந்நோயை விவரித்தார். இது பரம்பரையாக வருகிறது என்றும், கைகால்கள் தாமாக அசைகின்றன என்றும் எழுதிய அவர், மனம் பேதலிப்பதையும் தற்கொலை நாட்டத்தையும் அப்போதே குறித்து வைத்தார். மூளையின் ஆழத்தில் அழியும் உயிரணுக்கள் அசைவை மட்டும் ஆள்பவை அல்ல. ஊக்கமும், சினத்தை அடக்கும் ஆற்றலும் அவற்றைச் சார்ந்தவையே. ஆகவே, உடல் நடுங்குமுன்பே பல ஆண்டுகள் மனச்சோர்வும் எரிச்சலும் தலைகாட்டக்கூடும். பாடகர் வுடி கத்ரிக்கும் முதலில் குடிப்பழக்கம் என்றும் மனச்சிதைவு என்றும் தவறாகவே பெயரிட்டனர். இந்நோய்க்கு இன்னும் குணமில்லை. ஆனால் மனச்சோர்வுக்கும் எரிச்சலுக்கும் மருந்து உண்டு. நான் அன்று சரியான வழியைக் காட்டியிருந்தால், அந்த வீட்டில் ஈராண்டுக் கண்ணீர் குறைந்திருக்கும்.

சுமை நோயாளியோடு முடிவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இம்மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. இன்று இரத்தப் பரிசோதனையில் அறியலாம். இந்நாட்டுச் சட்டம் அதற்குமுன் மருத்துவ ஆலோசனையைக் கட்டாயமாக்கியுள்ளது. "எனக்கு இல்லை" என்று அறிந்தவர்கூட, "தம்பிக்கு இருக்கிறதே" என்று குற்றவுணர்வில் கரைவதுண்டு. அந்தச் சகோதரியின் மூத்த மகன் இன்னும் பரிசோதிக்கவில்லை. அவன் என்னிடம் வேண்டியது ஒன்றே: "சுவாமி, ஏன் செய்யேல்லை எண்டு மட்டும் கேக்காதேங்கோ."

நாம் என்ன செய்கிறோம்? செய்வினை என்கிறோம், முன்னோர் சாபம் என்கிறோம், கலியாணப் பேச்சு வரும்போது தொலைபேசியில் துப்பு விசாரிக்கிறோம். பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்டு சீடர்களும் யார் செய்த பாவம் என்றே கேட்டார்கள். ஆண்டவர் அவர் மீதும் பெற்றோர் மீதும் பழி சுமத்த மறுத்தார். யோவான் 9-ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக வாசியுங்கள்.

2017 மே 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், பல நாடுகளிலிருந்து வந்த ஹன்டிங்டன் குடும்பங்களை வத்திக்கானில் வரவேற்றார். அந்நோய் இனியும் ஒளித்து வைக்கப்படக்கூடாது என்பதே அந்தச் சந்திப்பின் நோக்கம். நம் பங்கு மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

உங்கள் வீட்டில் ஒருவரின் குணம் காரணமின்றி மாறினால், செபியுங்கள். அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்கள். குடும்பத்தில் முன்பு இத்தகையோர் இருந்தால் அதை அவரிடம் மறைக்காதீர்கள். வாழ்வு வேண்டாம் என்று யாரேனும் சொன்னால், தனியே விடாதீர்கள்; உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 112-ஐ அழையுங்கள். நம் திருச்சபைகள் நடத்தும் இலவசத் தொலைபேசிச் சேவை இரவும் பகலும் உண்டு: 0800 1110111. அவ்வாறு ஒருவரை ஏற்கெனவே இழந்த வீட்டாருக்கு ஒரு சொல்: கடுமையான உளநோய் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதே திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2282). அவருக்காகத் திருப்பலி கேட்க வெட்கப்படாதீர்கள்.

அந்தச் சகோதரியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் ஊற்றித் தந்து, "சுவாமி, ஞாயிற்றுக்கிழமை இவருக்குப் பக்கத்தில் ஆராவது வந்து இருந்தால் போதும்" என்றார். அடுத்த ஞாயிறு அந்த இருக்கை வெறுமையாக இருக்கலாகாது.

இறையாசீர் உங்களோடு.
உங்கள் பங்குத்தந்தை