துப்பாக்கிக்கும் ஒரு பள்ளிக்கூடம்: இங்கிலாந்தின் பிஸ்லி முகாம்

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் 40 நிமிடங்களில் புரூக்வுட் வந்துவிடும். சின்ன நிலையம். தெற்குப் பக்கம் இறங்கினால் 1854இல் திறக்கப்பட்ட மாபெரும் கல்லறைத் தோட்டம். லண்டனில் புதைக்க இடமில்லாமல் போன காலத்தில், சவப்பெட்டிகளை ஏற்றிவரவே வாட்டர்லூவிலிருந்து தனி ரயில் ஓடியிருக்கிறது. வடக்குப் பக்கம் இறங்கி நடந்தாலோ, கொஞ்ச நேரத்தில் பைன் மரங்களுக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். அதுதான் பிஸ்லி.

முகாமுக்குள் நுழைந்ததும் எனக்குப் பேராக் தோட்டங்களில் பார்த்த பழைய துரை பங்களாக்கள்தான் ஞாபகம் வந்தன. மரச் சுவர், நீண்ட வராந்தா, பிரம்பு நாற்காலி, வாசலில் கொடிக்கம்பம். வெள்ளைக்காரர்கள் மலாயாவுக்குக் கொண்டுவந்த கட்டட அமைப்பா, இங்கிருந்து அங்கே போனதா என்று ஒரு நிமிடம் குழப்பமாகவே இருந்தது.

பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் 1859இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு விம்பிள்டனில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா மகாராணியே தொடக்கி வைத்தார். தாங்கியில் பொருத்திய துப்பாக்கியின் விசையில் பட்டுக் கயிறு கட்டி, அதை இழுத்துச் சுட்டாராம். விம்பிள்டனில் வீடுகள் பெருகவே, 1890இல் சங்கம் சர்ரே மாவட்டத்தின் இந்தப் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கின் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் பெரும்பாலானவை இங்கே நடந்தன. 1998 காமன்வெல்த் விளையாட்டில் நம் லங்காவிக்குக் கிடைத்த பொறுப்பு, 2002 மான்செஸ்டர் விளையாட்டின்போது பிஸ்லிக்குக் கிடைத்தது.

ஆனால் நான் போனது வரலாறு பார்க்க அல்ல.

அக்காவின் கவலை

என் அக்கா மகள் பக்கத்து ஊரான வோக்கிங்கில் பொறியாளராக வேலை செய்கிறாள். வார இறுதியில் அவள் விளையாடுவது பேட்மிண்டன் என்றுதான் ஈப்போவில் இருக்கும் அக்கா நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. காதில் கவசம், கண்ணில் கண்ணாடி, இடுப்பைச் சுற்றித் தோட்டாக்கள், கையில் நீளமான துப்பாக்கி.

"பொம்பளப் பிள்ளை கையில எதுக்குடா அது? நீதான் லண்டனுக்குப் போறியே, ஒரு நடை நேர்ல பார்த்துட்டு வா" என்றார் அக்கா.

அக்காவின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் துப்பாக்கி என்றாலே போலீஸ் அல்லது குற்றவாளி. முன்பு காட்டுப் பன்றி விரட்ட லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் தோட்டப்புறத்தில் சிலர் இருந்தார்கள், அவ்வளவுதான். மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் ஆயுதக் குற்றங்களுக்கு மரண தண்டனை வரை விதிக்க இடம் தருகின்றன. அப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்த ஒரு தாய்க்கு அந்தப் படம் எப்படி இருந்திருக்கும்!

இழுத்துத் தள்ளும் துப்பாக்கி

அக்கா மகள் பழகுவது பம்ப்-ஆக்‌ஷன் ஷாட்கன். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், குழலுக்கு அடியில் உள்ள கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். இழுக்கும்போது காலித் தோட்டா வெளியே விழும். தள்ளும்போது புதுத் தோட்டா உள்ளே ஏறும். ரெமிங்டன் 870, மோஸ்பெர்க் 500 போன்றவை இந்த வகையில் பெயர் பெற்றவை. ரெமிங்டன் 1950 வாக்கில் வந்த வடிவம். இன்றும் பலர் கையில் இருக்கிறது.

தோட்டாவுக்குள் இருப்பது ஒற்றைக் குண்டு அல்ல. நூற்றுக்கணக்கான ஈய ரவைகள். '12 போர்' என்ற அளவுக்கும் ஒரு கதை உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுதான் 12 போர்.

"தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்டேன்.

"விலை குறைவு மாமா. பலம் குறைந்த தோட்டாவைப் போட்டாலும் சிக்காது. எல்லாவற்றையும்விட, தப்பு நம்முடையதா துப்பாக்கியுடையதா என்று உடனே தெரிந்துவிடும்" என்றாள்.

புதியவர்கள் எல்லாரிடமும் காணும் தப்பு, அவசரத்தில் கைப்பிடியை முழுதாக இழுக்காமல் பாதியில் தள்ளிவிடுவது. விசையை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். அன்று காலை மட்டும் அந்த 'டிக்'கைப் பல முறை கேட்டேன். முழுசாக இழு, முழுசாகத் தள்ளு. முதல் பாடம் அதுதான்.

சுடுவதைவிட நிரப்புவது கஷ்டம்

'பிராக்டிக்கல் ஷூட்டிங்' என்னும் இந்த விளையாட்டுக்கு உலக அமைப்பு 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உருவானது. சுருக்கமாக ஐபிஎஸ்சி. நின்ற இடத்தில் நின்று வட்டத்தைக் குறிபார்க்கும் ஒலிம்பிக் பாணி இதில் இல்லை. மரச் சட்டங்களாலும் வலைத் தடுப்புகளாலும் ஒரு களம் அமைத்திருப்பார்கள். இரும்புத் தட்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும். போட்டியாளர் இடம் மாறி மாறிச் சென்று அத்தனையையும் சாய்க்க வேண்டும். பம்ப் துப்பாக்கிக்காரர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

மதிப்பெண் கணக்கு நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுக்க வேண்டும். 20 தட்டு, தட்டுக்கு 5 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் 40 வினாடியில் சாய்த்தால் 100ஐ 40ஆல் வகுத்து 2.5. இன்னொருவர் 35 வினாடியில் முடித்தார், ஆனால் ஒரு தட்டு நின்றுவிட்டது. அதன் 5 புள்ளி போச்சு, தண்டனையாக மேலும் 10 போச்சு. மிச்சம் 85. 35ஆல் வகுத்தால் 2.43. ஐந்து வினாடி வேகமாக ஓடியவர் தோற்றுவிட்டார்!

துப்பாக்கியில் ஒரே சமயத்தில் அடங்குவது கொஞ்சம் தோட்டாக்கள்தான். களம் பெரிதாக இருந்தால் நடுவில் நிரப்பியே ஆக வேண்டும். இடுப்புவாரில் அடுக்கியிருக்கும் தோட்டாக்களை இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ ஒரே பிடியில் உருவி, துப்பாக்கியின் அடிவயிற்றில் விரலால் தள்ளிவிடுகிறார்கள். பழகியவர் கை பூக்கட்டும் கைபோல ஓடுகிறது. பழகாதவர் காலடியில் தோட்டாக்கள் சிதறுகின்றன. வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. அதனால்தான் அக்கா மகள் தினமும் மாலையில் வெடிமருந்து இல்லாத பயிற்சித் தோட்டாக்களை வைத்துப் பத்து நிமிடம் நிரப்பிப் பழகுகிறாள். சுடுவது மாதம் ஓரிரு முறை மட்டுமே.

"போதும், மூட்டை கட்டுங்கள்"

நான் அன்று அதிகம் கவனித்தது ஆட்டக்காரர்களை அல்ல. அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டே நடந்த ரேஞ்ச் ஆபீசரை. அவர் 'நிரப்பித் தயாராகுங்கள்' என்று சொல்லும்வரை யார் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கக் கூடாது. களத்துக்கு வெளியே எல்லாத் துப்பாக்கியும் காலிதான். காலி என்று எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி, தோட்டா அறைக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடி செருகியிருக்கும். சுட்டு முடித்ததும் திறந்து காட்ட வேண்டும். அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மற்றவர்கள் தட்டுகளை நிமிர்த்த முன்னால் போகலாம்.

நகரும்போதும் நிரப்பும்போதும் விரல் விசை வளையத்துக்கு வெளியே. குழல் எப்போதும் எதிர்மேட்டை நோக்கி. பக்கவாட்டில் 90 பாகையைத் தாண்டக் கூடாது. துப்பாக்கி கைநழுவிக் கீழே விழுந்தாலும் அன்றைய போட்டி முடிந்தது.

மதியத்துக்கு முன் அதை நேரிலேயே பார்த்தேன். பல ஆண்டு அனுபவம் உள்ளவர் போலத் தெரிந்த ஒரு பெரியவர், ஓடிக்கொண்டே நிரப்பியபோது குழல் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. ஒரு கணம்தான். "ஸ்டாப்!" என்ற குரல் வந்தது. அவர் உறைந்து நின்றார். துப்பாக்கியைக் காலி செய்து காட்டினார். வாக்குவாதம் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை. ஆபீசரின் கையைக் குலுக்கிவிட்டு, துப்பாக்கியைப் பைக்குள் வைத்து மூடினார். பிறகு வீட்டுக்குப் போகாமல், சாயங்காலம் வரை மற்றவர்களுக்காகத் தட்டு நிமிர்த்திக்கொண்டும் காலித் தோட்டா பொறுக்கிக்கொண்டும் இருந்தார்.

பூட்டும் சாவியும்

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் சோகமான வரலாறு உண்டு. 1987இல் ஹங்கர்ஃபோர்டு ஊரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டு சட்டம் இறுகியது. இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளும் பம்ப் துப்பாக்கிகள் ரைஃபிளுக்குரிய கடுமையான சான்றிதழின் கீழ் வந்தன. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். 1997இல் கைத்துப்பாக்கிகளே பெரும்பாலும் தடை செய்யப்பட்டன. கைத்துப்பாக்கியில் இந்த விளையாட்டை ஆடியவர்களில் பலர் ஷாட்கன்னுக்கு மாறியது அதன் பிறகுதான்.

2021இல் பிளைமவுத் நகரில் ஒருவன் ஐந்து பேரைக் கொன்றது ஒரு பம்ப்-ஆக்‌ஷன் துப்பாக்கியால். முன்பு போலீஸ் அவனிடமிருந்து பறிமுதல் செய்து, சில வாரங்களுக்கு முன்புதான் திருப்பிக் கொடுத்திருந்த துப்பாக்கி அது. சட்டம் இருந்தது. அதை நடத்த வேண்டியவர்கள் கண் அசந்துவிட்டார்கள். அதன் பிறகு, விண்ணப்பிப்பவரின் உடல்நலம், மனநலம் பற்றி மருத்துவர் தரும் தகவல் இல்லாமல் சான்றிதழ் கிடையாது என்றானது.

அக்கா மகள் இதையெல்லாம் கடந்துதான் வந்திருக்கிறாள். எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்பதற்குத் தக்க காரணம், அவள் குணத்துக்குப் பொறுப்பேற்க இரண்டு பேர், மருத்துவர் அறிக்கை. போலீஸ் அதிகாரி வீட்டுக்கே வந்து, சுவரில் முடுக்கிய இரும்பு அலமாரியை ஆட்டிப் பார்த்தாராம். அதே வீட்டில் குடியிருக்கும் தோழிக்குச் சாவி இருக்கும் இடம் தெரியுமா என்று கேட்டாராம். தெரியாது, தெரியவும் கூடாது.

அன்றிரவு அக்காவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மதிப்பெண் கணக்கு, தட்டு, கொடி எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "சாவி அவகிட்ட மட்டும்தானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்தப் போலீஸ் அதிகாரி கேட்டதும் அதே கேள்விதான். ஆமாம் என்றேன். "அப்ப சரி, பார்த்துக்கச் சொல்லு" என்றார். பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போகவும் வேண்டாம். பிஸ்லியில் பார்த்தவர்களும் அந்தப் பயத்தைக் கைவிடாமல், அதை ஒழுங்காக மாற்றிக்கொண்டவர்கள்தான்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

இங்கிலாந்தில் படிக்கும், வேலை செய்யும் நம் இளையர்களுக்கு அக்கா மகள் சொல்லும் வரிசை இது. முதலில் ஒரு போட்டியைப் போய்ப் பாருங்கள். அடுத்து, பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் 'கிளே' திடலில் ஒரு பாடம் எடுங்கள். அங்கே பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பதால் சான்றிதழ் இல்லாதவர்களும் சுட்டுப் பார்க்கலாம். பிஸ்லி வளாகத்திலேயே அப்படித் திடல் உண்டு. பிடித்திருந்தால் பிராக்டிக்கல் ஷாட்கன் நடத்தும் மன்றத்தில் சேர்ந்து பாதுகாப்புப் பயிற்சியை முடியுங்கள். சான்றிதழ் அதன் பிறகு. துப்பாக்கி வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. இடுப்புவார், தோட்டாத் தாங்கி எல்லாம் மன்றத்து நண்பர்கள் இரவல் தருவார்கள். முதல் மாதமே பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்தச் சான்றிதழ் அந்த நாட்டோடு சரி. மலேசியா, சிங்கப்பூர் திரும்பும்போது துப்பாக்கியும் கூட வரும் என்று எண்ண வேண்டாம்.

சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் பிஸ்லி ஒரு நல்ல பகல்பொழுது. போட்டி நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் நடக்கும் பெரிய ரைஃபிள் போட்டியின்போது முகாமே திருவிழாக் கோலம் பூணும். காதுக் கவசம் இல்லாமல் திடல் பக்கம் போகாதீர்கள். சிறு பிள்ளைகளுக்குக் கட்டாயம். சிவப்புக் கொடி பறக்கும் பக்கம் நடக்கக் கூடாது. திரும்பும் வழியில் வோக்கிங்கில் இறங்கினால், 1889இல் கட்டப்பட்ட ஷாஜஹான் பள்ளிவாசலைப் பார்க்கலாம். பிரிட்டனில் பள்ளிவாசலாகவே கட்டியெழுப்பப்பட்ட முதல் கட்டடம் அது. காலையில் கிளம்பினால் இரண்டையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு லண்டன் திரும்பிவிடலாம்.