நீ யார் பக்கம்?

கிரிக்கெட் போட்டி நடக்கும் நாட்களில் எமது மத்ரஸா மாணவர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழும். "நீ யார் பக்கம்?" விளையாட்டாகக் கேட்பார்கள்; விளையாட்டாகவே பதிலும் வரும். ஆனால் அதே கேள்வியைக் கடைத்தெருவிலோ பஸ்ஸிலோ வெளியார் ஒருவர் கேட்டால் அதன் பொருள் வேறாகிவிடுகிறது. முஸ்லிம் பிள்ளையிடம் பாகிஸ்தானை மனதில் வைத்துக் கேட்பார்கள். தோட்டத்துப் பிள்ளையிடம் இந்தியாவை மனதில் வைத்துக் கேட்பார்கள். பத்து வயதுப் பிள்ளை தன் நாட்டுப்பற்றுக்கு அந்த இடத்திலேயே அத்தாட்சி காட்ட வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் 1996ஆம் ஆண்டு என் நினைவுக்கு வருகிறது. நான் அரபுக் கல்லூரியில் சேர்வதற்கு முந்திய காலம் அது.

அவ்வாண்டு ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அதன்பின் உலகக் கிண்ணப் போட்டிக்காகக் கொழும்புக்கு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்துவிட்டன. நாடு தனித்துப்போனது போலிருந்த அந்த வேளையில், இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து, பெப்ரவரி 13ஆம் திகதி கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இலங்கையோடு விளையாடினார்கள். அஸாருதீன் தலைமை தாங்க, டெண்டுல்கரும் வஸீம் அக்ரமும் ஓரணியில் நின்றார்கள். எந்த இரு நாடுகளின் பெயரைச் சொல்லி எம்மைச் சந்தேகிக்கிறார்களோ, அவ்விரு நாடுகளுமே எமது நாட்டுக்குத் துணையாக வந்து நின்றன. கேள்வி கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மார்ச் 17 ஞாயிற்றுக்கிழமை லாஹூரில் இறுதிப் போட்டி. அக்காலத்தில் உடப்புசல்லாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எல்லா லயங்களுக்கும் மின்சாரம் வந்திருக்கவில்லை. கார் பட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி லயத்துக்கு ஒன்று இருந்தாலே பெரிய காரியம். பட்டரியைச் சார்ஜ் பண்ணுவதற்கு டவுனுக்குச் சுமந்து வருவார்கள். போட்டியை முழுமையாகப் பார்க்க வேண்டுமென்று, முதல் வாரம் படம் பார்க்காமல் பட்டரியை மிச்சம் பிடித்தவர்களும் உண்டு.

வாப்பாவின் கடையில் இருந்தது வானொலிதான். அதைச் சுற்றிக் கொழுந்து லொறிச் சாரதியான சிங்களவர், தோட்டத்துப் பெரியவர்கள், எமது ஜமாஅத்தார் என்று எல்லோரும் நின்றார்கள். சிங்கள வர்ணனை புரியாதவர்களுக்குச் சாரதி தமிழில் சொன்னார். இஷாத் தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அரவிந்த இன்னும் நிற்கிறாரா?" என்பதுதான். அவர் ஆட்டமிழக்கவே இல்லை. 107 ஓட்டங்களுடன் நின்றார். அவுஸ்திரேலியாவின் 241 ஓட்டங்களை மூன்று விக்கெட்டுகளை மட்டும் இழந்து கடந்து, அர்ஜுன ரணதுங்கவின் அணி கிண்ணத்தை வென்றது. அன்றிரவு லயங்களில் தகரம் தட்டிய சத்தம் டவுன்வரை கேட்டது.

தகரம் தட்டியவர்கள் யார்? இங்குதான் என் மனம் நின்றுவிடுகிறது. நாடு சுதந்திரமடைந்த 1948ஆம் ஆண்டிலேயே கொண்டுவரப்பட்ட சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அப்படியானால், 1996இல் மலைநாட்டு லயங்களில் இலங்கை வென்றதென்று ஆர்ப்பரித்தவர்களில் இந்நாட்டுப் பிரஜையென்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவர்கள் இருந்தார்கள். காகிதம் வருமுன்பே பாசம் வந்துவிட்டது.

அந்த அணியில் முத்தையா முரளிதரனும் இருந்தார். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்த ஒருவரின் பேரன் அவர். 2010இல் காலி மைதானத்தில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி ஓய்வு பெற்றார். அன்று எதிரே நின்றது இந்திய அணி!

அதே 1996இல் அரையிறுதியில் இந்தியாவும் இலங்கையும் மோதியபோது, இந்தியா வெல்ல வேண்டுமென்று விரும்பிய தோட்டத்துப் பெரியவர்களும் எங்கள் கடைக்கு வந்தார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. பாட்டன் பிறந்த மண்ணின் பெயர் கேட்டால் மனம் இளகுவது துரோகமாகாது. மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்களும் அவர்களே.

தாயகத்தை நேசிப்பது ஈமானின் பகுதி என்ற ஒரு வாசகம் ஹதீஸாகப் பேச்சுக்களில் சொல்லப்படுவதுண்டு. அது நபிமொழியாக உறுதிப்படவில்லை என்பதே ஹதீஸ் கலை அறிஞர்களின் முடிவு. அதனால் எமக்குக் குறையொன்றுமில்லை. நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் பிரியும்போது, அந்த ஊர் தமக்கு எத்துணைப் பிரியமானது என்றும், அதன் மக்கள் வெளியேற்றியிராவிட்டால் தாம் வேறெங்கும் குடியிருக்க மாட்டோம் என்றும் கூறியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. தம்மை விரட்டிய ஊரையும் நேசித்தார்கள். தன் கூட்டத்தாரை நேசிப்பது இனவெறியாகுமா என்று வினவப்பட்டபோது, அது இனவெறியல்ல, அநியாயத்தில் அவர்களுக்கு உதவுவதே இனவெறி என்று விளக்கியதை இப்னு மாஜாவில் காண்கிறோம். இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுமா?

வெற்றி தோல்விக்கும் அவர்களிடம் பாடமுண்டு. எவராலும் முந்த முடியாதிருந்த அவர்களது ஒட்டகமான அழ்பாவை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியது. தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது.

இன்று பட்டரி சுமக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கைக்குள்ளேயே முழு மைதானமும் இருக்கிறது. வசதி நல்லதுதான். ஆனால் போர்வைக்குள் தனியே பார்க்கும் பிள்ளைக்கு, பக்கத்தில் நின்று தமிழில் சொல்லித்தர ஒரு சாரதி இல்லை. முகம் தெரியாதவன் அனுப்பும் வசைதான் கைபேசிக்கு வருகிறது. ஒரே பெட்டியின் முன் தோளோடு தோள் உரச இருந்தபோது, தோற்ற பக்கத்தாரின் முகத்தையும் பார்த்தோம், வார்த்தையை அடக்கினோம்.

ஆகவே பெற்றோரே, ஆட்டம் நடக்கும் நாளில் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு ஒரு தேநீரோடு சேர்ந்து பாருங்கள். "நீ யார் பக்கம்?" என்று யாரும் உங்கள் பிள்ளையிடம் கேட்டால் அவன் தலைகுனியத் தேவையில்லை. விளையாட்டில் தனக்குப் பிடித்தவர் பக்கம், மற்றதில் நியாயத்தின் பக்கம், வாழ்வதும் உழைப்பதும் இந்த மண்ணில் என்று நிமிர்ந்து சொல்லப் பழக்குங்கள்.

வல்ல அல்லாஹ் எமது நாட்டையும், அதில் வாழும் எல்லா மக்களையும் அமைதியோடு வாழச் செய்வானாக. ஆமீன்.