எதிரணியில் நின்றவர்கள்

பொது வாழ்வில் கருத்து வேற்றுமை இயல்பானது, பகைமை அவ்வாறன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை நாம் மறந்து வருகிறோம் என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை. அதை நினைவூட்ட வல்ல இருவர் நம் சென்னை நகரிலேயே வாழ்ந்து மறைந்தனர்.

தியாகராய நகரின் பசுல்லா சாலையில் இராஜாஜி குடியிருந்தார். அங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், திருமலைப் பிள்ளை சாலையில், வாடகை வீடொன்றில் காமராசர் குடியிருந்தார். வீடுகள் அருகில் இருந்தன. வழிகள் அருகில் இல்லை. 1940-இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவர் தேர்தலில், சத்தியமூர்த்தியின் துணையோடு நின்ற காமராசர், இராஜாஜி அணியின் வேட்பாளரை வென்றார். அன்று வெளிப்பட்ட பிளவு பல்லாண்டு நீடித்தது.

1953-இல் முதலமைச்சர் இராஜாஜி, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு மக்கள் எதிர்த்தனர். ஏழைப் பிள்ளையின் படிப்பு நேரத்தைக் குறைத்த அத்திட்டத்தை நாம் நியாயப்படுத்தப் போவதில்லை. அவர் பதவி விலக, 1954 ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அதன்பின் நடந்ததையே நாம் ஊன்றி நோக்க வேண்டும். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம், அவருக்குத் துணை நின்றவர் பக்தவத்சலம். இருவரையும் காமராசர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அதுவும் எத்தகைய பொறுப்பில்! கல்வியும் நிதியும் சுப்பிரமணியத்திடமே தரப்பட்டன. ஊர்தோறும் பள்ளிகள் எழுந்ததும், பசித்த பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைத்ததும், தம்மை எதிர்த்து நின்றவர் கல்வி அமைச்சராய் இருந்த காலத்தில்தான். தம் அணிக்கு அப்பாலும் பார்க்கத் தெரிந்த அக்கண்களே, 1956-இல்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்த குமரி மாவட்டத்தின் கடற்கரையிலிருந்து, குளச்சலில் வென்ற லூர்தம்மாள் சைமனை 1957-இல் அமைச்சராகக் கண்டெடுத்தன.

இராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967 தேர்தலில் அவர் இடம்பெற்ற கூட்டணி காங்கிரசை வீழ்த்தியது. காமராசரே விருதுநகரில் தோற்றார். ஆயினும் 1971-இல் இருவரும் ஒரே அணியில் நின்றனர். அதில் அரசியல் கணக்கு இல்லாமலில்லை, வெற்றியும் கிட்டவில்லை. ஆனால் முப்பதாண்டுக் காலம் மோதிய பின்னரும் கைகோக்க முடிந்ததெனில், இடைக்காலத்தில் திரும்பப் பெற முடியாத சொல் எதையும் அவர்கள் பேசிவிடவில்லை என்பதுதானே பொருள்?

1972-இல் கிறிஸ்து பிறப்பு நாளன்று இராஜாஜி மறைந்தார். 1975-இல் காந்தியடிகளின் பிறந்த நாளன்று காமராசர் மறைந்தார். சொந்த வீடு இல்லாதிருந்தவரின் வாடகை வீடு இன்று நினைவில்லமாக நிற்கிறது. கிண்டியில் காந்தி மண்டபம் உள்ள வளாகத்திலேயே இருவருக்கும் நினைவிடங்கள் உள்ளன.

நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், உள்ளாட்சித் தேர்தலில் உடன்பிறந்தார் இருவர் எதிரெதிரே நின்றனர். ஒருவர் வென்றார். இரண்டாண்டுகளுக்குப் பின் அவர்களின் தாயை நாமே அடக்கம் செய்தோம். ஒரே குழியில் ஆளுக்கொரு பிடி மண் இட்ட அந்த அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு மாநிலத்தையே ஆண்டவர்களால் இயன்றது, ஒரு சிற்றூரின் பதவிக்காக நின்றவர்களுக்கு இயலாமல் போனது ஏன்?

தலைவர்களின் சிலைக்கு மாலையிடுவது எளிது. தோற்றவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் துணிவும், வென்றவரோடு மீண்டும் பணியாற்றும் பணிவும் அரியவை. தேர்தல் எதுவாயினும், முடிவு வெளியான அன்று மாலை, வென்றவர் முதலில் தட்ட வேண்டிய கதவு தோற்றவரின் கதவே. அக்கதவைத் திறந்துவிடுவது தோற்றவரின் கடமை.