பெஞ்சில் உட்கார்ந்த அப்பா

பங்குனி பிறந்தால் மயிலாப்பூரில் இரண்டு விஷயங்கள் நிச்சயம். கபாலீஸ்வரர் கோயிலில் கொடி ஏறும். எங்களைப் போன்றவர்களின் ஃப்ளாட்டுகளில் 'லீவுக்கு எங்கே?' என்ற பட்டிமன்றம் ஆரம்பிக்கும். முன்பெல்லாம் இதற்கு ஒரே பதில்தான்: பாட்டி வீடு. இப்போது பாட்டியே பக்கத்து ரூமில், மாத்திரை டப்பாவும் சீரியலுமாக இருக்கிறாள். அதனால் சிங்கப்பூர் யூனிவர்சல், ஹாங்காங் டிஸ்னிலாண்ட் என்று பேச்சு நீள்கிறது.

"நாலு பேருக்கு மூணு லட்சம் ஆகும்னு ட்ராவல்ஸ்ல சொல்றான் சார். ஒர்த்தா?" என்று லிஃப்டில் கேட்டார் மூன்றாவது மாடிக்காரர். கீழ்த்தளம் வருவதற்குள் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியா அது? உங்களிடம் சாவகாசமாகச் சொல்கிறேன்.

முதலில், இந்த வியாபாரம் எப்படி ஆரம்பித்தது என்று பார்த்துவிடலாம். வால்ட் டிஸ்னி சனிக்கிழமைகளில் தன் இரண்டு பெண்களை லாஸ் ஏஞ்சலீஸில் க்ரிஃபித் பார்க்குக்கு அழைத்துப் போவாராம். அவர்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்தே விளையாட ஓர் இடம் இருந்தால் என்ன என்று அந்த பெஞ்சில்தான் தோன்றியதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-ல் அனஹைமில் டிஸ்னிலாண்ட் திறந்தது. முதல் நாள் மகா குளறுபடி. கள்ள டிக்கெட்டில் கூட்டம் நுழைந்தது. வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் ஹீல்ஸ் சிக்கிக்கொண்டது. பிளம்பர்கள் ஸ்ட்ரைக்கினால் பல குடிதண்ணீர்க் குழாய்களில் காற்றுதான் வந்தது. இருந்தும் ஜெயித்தது. அப்பாவை பெஞ்சிலிருந்து எழுப்ப வேண்டும் என்ற ஐடியா அவ்வளவு நல்ல ஐடியா.

சென்னையில் நமக்குத் தெரிந்தது தீவுத்திடல் பொருட்காட்சி. அரசாங்க ஸ்டால்களை அவசரமாகக் கடந்தால் டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, ராட்சத ராட்டினம். அப்புறம் ஈ.சி.ஆரில் வி.ஜி.பி. வந்தது. வாசலில் சிலையாக நின்றவரைச் சிரிக்கவைக்க ஒரு தலைமுறையே முயன்று தோற்றது. 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்று இந்தியாவின் முதல் 3டி படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவை உருவாக்கினார். முட்டுக்காடு பக்கம் எம்.ஜி.எம். வந்தது. 2005-ல் பெங்களூரில் வொண்டர்லா திறந்தபின் அடையாறிலிருந்தும் தி.நகரிலிருந்தும் வேன் பிடித்து அங்கே ஓடினோம். 2025 டிசம்பரில் வொண்டர்லாவே திருப்போரூர் அருகே வந்துவிட்டது.

ராட்டினங்கள்தான் மாறின. கீழே நிற்கிற ஆள் மாறவில்லை. தீவுத்திடலில் எங்கள் அப்பா அம்மாவையும் எங்களையும் ஏற்றிவிட்டு, மேலேயிருந்து விழுந்துவிடும் என்று கழற்றிக் கொடுத்த மூன்று ஜோடி செருப்பு, தண்ணீர் பாட்டில், அக்காவின் கண்ணாடி எல்லாவற்றுக்கும் காவலாகக் கீழே நிற்பார். தொட்டி மேலே போகப் போக அவர் சின்னதாகிக்கொண்டே வருவார். உச்சியிலிருந்து கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு ராட்டினத்தைவிடப் பெரிய த்ரில். "நீங்களும் வாங்களேன்" என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவாள். "எனக்குத் தலை சுத்தும்" என்பார் அப்பா. நிஜமாகவே தலை சுற்றுமா, அல்லது ஒரு டிக்கெட் மிச்சமா? தெரியவில்லை. அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது. இனி கேட்கவும் முடியாது.

இன்றைக்கு எந்தப் பூங்காவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அந்த பெஞ்ச் இன்னும் காலியாகவில்லை. ஒரு பெஞ்சில் பை காக்கிற தாத்தா. இன்னொன்றில் ஆபீஸ் போனில் அப்பா. பக்கத்தில் எல்லோருடைய ஈரத்துணியையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மா. முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். லீவு நாளில் பிரபலமான ரைடு ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் க்யூ நிற்க வேண்டும். ரைடு மூன்று நிமிஷம். நாள் பூராவும் எட்டு ரைடு போனால் மொத்த அலறல் நேரம் இருபத்துநாலு நிமிஷம். மிச்சமெல்லாம் நிற்பது, நடப்பது, பாத்ரூம் தேடுவது. நிற்க முடியாதவர்களுக்குத் திருப்பதியில் 300 ரூபாய் தரிசனம் இருப்பதுபோல் இங்கேயும் உண்டு. அமெரிக்கப் பூங்காக்களில் டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட் பாஸை இலவசமாகத்தான் கொடுத்தது. 2021-ல் அதே வசதிக்குக் காசு கேட்க ஆரம்பித்தது. பெருமாளிடம் கற்றார்களோ என்னவோ.

ஆனால் அந்த க்யூ மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ட்யூஷன், கீபோர்டு கிளாஸ், ஹிந்தி பரீட்சை என்று ஓடுகிற பன்னிரண்டு வயசுப் பையன், முக்கால் மணி நேரம் எங்கேயும் போக முடியாமல் அப்பா பக்கத்தில் நிற்கிற இடம் சென்னையில் வேறு எது? கிளாஸில் யாரோடு சண்டை, எந்த மிஸ் திட்டினார், கணக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அங்கேதான் தானாக வெளியே வரும். கையில் போனைக் கொடுத்துவிட்டால் அதுவும் போச்சு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரைடு வாசலில் ஓர் உயரக்கோல் வைத்திருப்பார்கள். சிங்கப்பூர் யூனிவர்சலில் பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125 செ.மீ. வேண்டும். நம் குழந்தைகள் அந்த உயரத்தை எட்ட ஏறக்குறைய எட்டு வயசாகிவிடும். அதற்கு முன்னால் கூட்டிப்போனால் வாசலில் அழுகைதான். மூன்று வயசுக்கு முன்னால் போனால் அந்த அழுகைகூடப் பின்னாளில் ஞாபகம் இருக்காது. ஆல்பம் உங்களுக்குத்தான். சரி, பதினாலு வயசில்? "நான் ஃப்ரெண்ட்ஸோட போய்க்கறேன்மா" என்று கதவைச் சாத்திக்கொள்ளும். நடுவில் இருப்பது ஆறே ஆறு கோடை விடுமுறை. மூன்று லட்சத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிற எண் இந்த ஆறுதான்.

டேனியல் கானமன் என்ற உளவியல் நிபுணர் 1993-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். குளிர்ந்த நீரில் ஒரு நிமிஷம் கையை வைக்கச் சொன்னார். இன்னொரு தடவை அதே ஒரு நிமிஷம். கூடவே இன்னொரு அரை நிமிஷம், ஆனால் அப்போது குளிர் கொஞ்சம் குறையும். எதை மறுபடி செய்யத் தயார் என்று கேட்டால் பெரும்பாலோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு இதமாக இருந்ததுதான் காரணம். நாம் நாளை மொத்தமாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. உச்சமும் கடைசியும்தான் மனசில் தங்கும். ஆகவே 'காசு கொடுத்தாச்சு, கேட் சாத்துற வரைக்கும் விடமாட்டேன்' என்று இருந்துவிட்டு, பசியோடும் ஈரத் தலையோடும் திருவான்மியூர் சிக்னலில் சண்டை போட்டுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். ஒரு ரைடை விட்டுக்கொடுத்துச் சீக்கிரம் கிளம்புங்கள். வழியில் சுடச்சுட இட்லி வாங்கிக் கொடுங்கள். ஞாபகத்துக்கு அந்த இட்லி போதும்.

ஆக, ஒர்த்தா?

கையில் பணம் இருந்து, கடைக்குட்டிக்கும் எட்டு வயசு ஆகியிருந்தால் சிங்கப்பூரே போங்கள். நாலு மணி நேர ஃப்ளைட்தான். பர்சனல் லோன் போட்டுத்தான் போக வேண்டும் என்றால் வேண்டவே வேண்டாம். ரைடு மூன்று நிமிஷம், ஈ.எம்.ஐ. முப்பத்தாறு மாதம். அவர்களுக்குத் திருப்போரூர் ஒரு நாள் தாராளம். குழந்தைக்கு நாலு வயசுதானா? அறுபத்து மூவர் அன்றைக்கு மாடவீதிக்குக் கூட்டிப்போங்கள். நீர்மோர், பானகம், பலூன், பொம்மை எல்லாம் உண்டு, உயரக்கோல் கிடையாது.

எங்கே போனாலும் ஒன்று செய்யுங்கள். பைகளை லாக்கரில் போடுங்கள். இதயக் கோளாறு, முதுகுவலி இருப்பவர்கள் போர்டைப் படித்து அதன்படி நடக்கட்டும். மற்ற எல்லோரும், பாட்டி உட்பட, ஏதாவது ஒன்றில் ஏறியே ஆக வேண்டும். பாட்டிக்கு மெதுவாகச் சுற்றுகிற ராட்டினம் போதும். முக்கியமாக நீங்கள், அப்பாக்களே! ஆபீஸில் அவ்வளவு அதிகாரமாகப் பேசுகிற நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு 'ஐயோ அம்மா' என்று அலறுவதை உங்கள் பிள்ளை ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

தலை சுற்றினால் சுற்றட்டும். சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.