பசியாறிவிட்டீர்களா?

தலத்தெருவில் நாம் சிறுவராயிருந்த காலத்தில், காலை வேளையில் நம் வீட்டுப் படியேறும் எவரையும் உம்மா கேட்கும் முதற்கேள்வி, “பசியாறிவிட்டீர்களா?” என்பதே. காலை உணவுக்கு நம் வீட்டில் வேறு பெயர் இருந்ததில்லை. நண்பகலில் சோறும் ஆணமும். ரமலானில் சஹரும் நோன்புக் கஞ்சியும். இச்சொற்களோடுதான் நாம் வளர்ந்தோம்.

ஒருநாள் பள்ளியில், வீட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். உம்மா மீன் ஆணம் காய்ச்சுவதை எழுதினோம். ஆசிரியர் ‘ஆணம்’ என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே ‘குழம்பு’ என்றும், ஓரத்தில் ‘கொச்சை’ என்றும் எழுதினார். வகுப்பு சிரித்தது. வீட்டுக்கு வந்ததும், “உம்மா, இனிக் குழம்பு என்றே சொல்லுங்கள்” என்றோம். உம்மா மறுமொழி ஏதும் கூறவில்லை. அன்றுமுதல் நம் எதிரில் அவர்கள் ‘குழம்பு’ என்றே சொன்னார்கள். அடுத்த வீட்டாரிடம் பேசும்போது மட்டும் ‘ஆணம்’ என்றார்கள். அதை நாம் வெற்றியென்று எண்ணினோம்.

நெடுங்காலம் கழித்தே அகராதியைப் புரட்டினோம். ‘ஆணம்’ அங்கே இருந்தது, குழம்பு என்ற பொருளோடு, தமிழ்ச் சொல்லாகவே!

நம் அடுக்களையில் விருந்தினராக வந்த சொற்கள் இல்லாமலில்லை. இனிப்பைக் குறிக்கும் அரபுச் சொல் அல்வாவாயிற்று. பருகுதல் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து சர்பத் பிறந்தது. பலர் கூடியுண்ணும் சகன், தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். குசினி போர்த்துக்கீசர் தந்தது. இவற்றையெல்லாம் எவரும் சுழிக்கவில்லை. இந்த மண்ணின் சொல்லே கொச்சையென்று பழிக்கப்பட்டது.

உணவுச் சொற்களை நம் முன்னோர் எளிதாக எண்ணியவரல்லர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் இதற்கு இடந்தரும் விதியொன்றை வகுத்திருக்கிறார். பல்வேறு வினைகளுக்கு உரிய பொருள்களை ஒரு பொதுப்பெயரால் குறிக்கும்போது, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் முடிக்கலாகாது என்பது அதன் கருத்து. ‘அடிசில்’ என்பதில் உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் நக்குவனவும் அடங்கும். ஆதலின் ‘அடிசில் உண்டார்’ என்னாது ‘அடிசில் அயின்றார்’ எனல் வேண்டும் என உரையாசிரியர்கள் விளக்குவர். இன்று ‘சாப்பிடு’ என்னும் ஒரு சொல் இத்தனை வினைகளையும் விழுங்கிவிட்டது. ஆயினும் நம் பெண்மக்கள் வாயில் கஞ்சி குடிப்பதாகவும் பணியாரம் தின்பதாகவுமே இருக்கிறது.

நோன்பைப் பற்றிய சொல்லையும் கருதிப் பாருங்கள். அரபியில் ‘இஃப்தார்’ என்பதன் வேருக்குப் பிளத்தல் என்னும் பொருள் உண்டு. 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் ‘தெழெனே’ என்ற உணவுப் பெயருக்கும் நோன்பை நீக்குதல் என்பதே அடிப்பொருள். நாமோ நோன்பைத் ‘திறக்கிறோம்’. ‘முறிதல்’ என்பது நோன்பு பாழாவதற்கு உரிய சொல். எத்துணை நுட்பமான வேறுபாடு!

பசியின் இலக்கணமும் அத்தகையதே. பிரெஞ்சுக்காரர் ‘பசியை உடையேன்’ என்பர். அயர்லாந்தின் கேலிக் மொழியில் ‘பசி என்மேல் இருக்கிறது’ என்பர். தமிழர் ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில் கூறுவர். கேலிக்கிலும் தமிழிலும் பசி நாம் செய்யும் செயலன்று. நம்மிடம் வந்து சேர்வது. வந்தது சூடாக இருக்கிறது. அது ஆற வேண்டும். புண்ணும் சினமும் ஆறுவதுபோலப் பசியும் ஆறுகிறது. ‘உண்டீரா?’ என்ற வினா உணவைப் பற்றியது, ‘பசியாறினீரா?’ என்பதோ மனிதரைப் பற்றியது.

அந்தக் கேலிக்கின் உடன்பிறப்பான ஸ்காட்லாந்துக் கேலிக்குக்கு, 1872 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளியில் இடமே தரவில்லை. வீட்டு மொழி இழிந்ததென்று கருதும் நிலை அங்குள்ள பிள்ளைகளுக்கும் நேர்ந்தது. நமக்கோ எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. ஒரு சிவப்புச் சுழியும் ஒரு வகுப்பின் சிரிப்புமே போதுமாயிருந்தன.

உம்மா இன்றில்லை. அவர்களிடம் அகராதியைக் காட்டும் வாய்ப்பை இழந்தோம். சென்ற வாரம் பேத்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது, “ஆணம் கொஞ்சம் ஊற்று, மகளே” என்றோம். “அப்படியென்றால் என்ன?” என்று கேட்டாள். அருகில் அமர்த்திச் சொன்னோம். கேட்டுவிட்டு எழுந்துபோய், “ஆணம் எடுத்து வருகிறேன்” என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.